சுவர் மூடுவதற்கு முன்

2009 இளவேனிலில்தான் என் பெயரில் மின்வேலை லைசென்ஸ் வந்தது. அதற்கு முன் பல வருடங்கள் இன்னொருவருடைய கொம்பனியில், இன்னொருவருடைய வான் வண்டியில் போய், இன்னொருவருடைய கையெழுத்தின் கீழ் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்த புதிதில் மார்க்கம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகை பூட்டும் வரிசையில் நின்றேன். அங்கிருந்து பயிலுநராகி, பரீட்சை எழுதி, பிறகு அதற்கும் மேலான மாஸ்ரர் பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினேன். பெண்ணொருத்தி ஏணியோடு படியேறி வருவதைப் பார்த்துவிட்டும் "எலெக்ரீசியன் எப்ப வருவார்?" என்று கேட்கிற வீடுகள் எனக்குப் பழகிவிட்டிருந்தன.

சொந்தமாகத் தொழில் செய்யப் பதிந்துகொண்டால் வானின் பக்கத்தில் லைசென்ஸ் இலக்கத்தை ஒட்ட வேண்டும். என் கணவர் அதைக் கொஞ்சம் சாய்வாக ஒட்டிவிட்டார். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அதை உரித்து மறுபடி ஒட்டச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு இருவரும் சாய்வான இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வானுக்குள் தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி முடிந்ததும் உள்ளே போய்விட்டோம்.

என் தங்கை போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். தை மாதத்தில் ஒருநாள் அழைத்து, ஆஸ்பத்திரியை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு அவள் குரல் இல்லை. நான் நின்றுகொண்டே சாப்பிடப் பழகினேன். இருந்தால் மனம் எழும்பச் சொல்லும், எழும்பினால் வெளியே போகச் சொல்லும், வெளியே போனால் வீட்டுத் தொலைபேசி அடித்திருக்குமோ என்று ஓடி வரச் சொல்லும். வானொலியைப் போடுவேன், ஐந்தாறு சொல் கேட்டதும் நிறுத்துவேன், அடுத்த சிக்னலுக்குள் மறுபடி போடுவேன். வேலை செய்கிற நேரம் மட்டும் கைகள் தங்கள்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். அதனால் வேலை வேண்டும் என்று இருந்தது.

என் பெயரில் கிடைத்த முதல் வேலை அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற். வீட்டுக்காரர் பஸ் கராஜில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை அன்ரி என்றும் கூப்பிட்டேன். அவர்களுக்கு ஒரே மகன். வன்னியில் பள்ளிக்கூட வாத்தியார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவனோடு அங்கேயே இருந்தார்கள். நிலத்துக்குக் கீழே இரண்டு அறை, ஒரு குளியலறை, ஒரு சின்னக் குசினி எல்லாம் அவர்களுக்காகத்தான். எல்லாம் முடிந்தால் மகன் குடும்பம் வரும், வந்தால் இருக்க இடம் வேண்டும் என்று அங்கிள் பனிக்காலத்திலேயே மரச்சட்டங்களை நிறுத்தத் தொடங்கிவிட்டார்.

வேலைக்குப் போன முதல் நாள் நான் அவருக்கு விளக்கினேன். இந்த நாட்டில் ஒரு வீட்டில் புதிதாக வயர் இழுத்தால் அதை மின்பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். எத்தனை விளக்கு, எத்தனை பிளக், அடுப்புக்குத் தனி வயரா என்று சொல்ல வேண்டும். சுவர் திறந்திருக்கும்போது இன்ஸ்பெக்ரர் ஒருதரம் வந்து பார்ப்பார். எல்லாம் பூட்டி முடிந்தபின் மறுதரம் வருவார். அவர் முதல்தரம் பார்க்கும்வரை சுவரை மூடக்கூடாது. எங்கள் ஆட்கள் இது எல்லாவற்றையும் 'பெர்மிற்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது கசப்பு மருந்து குடித்த முகமாகிவிடும்.

அங்கிளின் முகமும் அப்படித்தான் ஆனது. "பக்கத்து வீட்டுக்காரன் பேஸ்மென்ற் போட்டவன். ஒரு பெர்மிற்றும் எடுக்கேல்லை. அவன்ரை லைற் எரியேல்லையோ?" என்றார்.

"எரியும் அங்கிள். ஆனா இது என்ரை பேரில போற வேலை. அறிவிக்காமச் செய்யமாட்டன்."

"சரி, சரி. நீர் உம்மட முறைப்படி செய்யும். கெதியாச் செய்யும். அதுதான் எனக்கு வேணும்."

வேகமாகச் செய்ய அவரே விடவில்லை. காலையில் நான் வரும்போது படிக்கட்டின் அடியில் நிற்பார். இரவு யோசித்த ஒன்றைச் சொல்வதற்குக் காத்திருப்பார். "பிள்ளை, உந்த மூலையில இன்னொரு பிளக் வையும். பெட்டையளுக்குக் கொம்பியூட்டர் மேசை போடலாம்." அடுத்த நாள் அந்த மேசை வேறு சுவருக்குப் போய்விடும். ஒருநாள் அறையின் வாசலையே மாற்றினார். நான் இழுத்த வயரைக் கழற்றி மறுபடி இழுத்தேன். கூட்டிய பிளக்குகளுக்காக அலுவலகத்துக்கு மறுபடி அறிவித்தேன். அவரோடு எனக்குக் கோபம் வரவில்லை. மேலே போனால் தொலைக்காட்சி, கீழே வந்தால் நான். அவருக்குப் போக வேறு இடமில்லை. எனக்கும் அப்படித்தானே இருந்தது.

அன்ரி கீழே வருவது குறைவு. தேத்தண்ணியை மேல்படியில் வைத்துவிட்டு "பிள்ளை, ஆறப்போகுது" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான்.

போரை நிறுத்தச் சொல்லி ரொறொன்ரோ முழுக்க எங்கள் சனம் தெருவில் நின்ற நாட்கள் அவை. வேலை முடிந்ததும் நானும் நகரத்துக்குப் போய்க் கைகோத்த வரிசையில் நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் விரைவுச்சாலையில் ஏறியது. நானும் ஏறினேன். கால்களுக்குக் கீழே எப்போதும் வாகனங்கள் பறக்கிற தார். அதில் பிள்ளைவண்டிகளைத் தள்ளிக்கொண்டு தாய்மார் நின்றார்கள். இரு பக்கமும் கார்கள் அசையாமல் நிறைந்திருந்தன. இதைப் பார்த்தபிறகாவது யாராவது எதையாவது நிறுத்துவார்கள் என்று அன்று மாலை உண்மையாகவே நம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் பகுதி வேலை முடிந்தது. விளக்கு, பிளக் பெட்டிகள் எல்லாம் அடித்தாகிவிட்டன, வயர்கள் சட்டங்களுக்குள்ளால் ஓடியிருந்தன. இன்ஸ்பெக்ரர் செவ்வாய்க்கிழமை வருவதாக நாள் கிடைத்தது. நடுவில் திங்கள் விடுமுறை. சுவர்ப்பலகை அடிக்கிற தம்பி அன்றைக்கே பலகைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

"செவ்வாய் மட்டும் பொறுங்கோ அங்கிள். அவர் பாத்தாப் பிறகு அடிக்கலாம்."

அங்கிளுக்குக் கண் சிவந்திருந்தது. அன்று காலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கப்பல் வந்து சனத்தை ஏற்றப் போகிறது, ஏற்றினவர்களை வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் விடுவார்கள் என்று. அப்படி நாளுக்கு ஒரு கதை வந்துகொண்டிருந்தது. அவர் இந்தக் கதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

"செவ்வாய் வரைக்கும் என்னெண்டு பொறுக்கிறது? அதுகள் இந்தக் கிழமை வெளிக்கிட்டா? அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு, நீர் இஞ்ச நிண்டு பெர்மிற் பெர்மிற் எண்டுறீர்!"

அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் தங்கையும் அங்கேதான் என்பது அவருக்குத் தெரியும். நானே சொல்லியிருந்தேன். கருவிகளைப் பைக்குள் போட்டேன். "செவ்வாய் காலமை வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வானைத் திறந்து பையை உள்ளே எறிந்தேன். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகப் பட்டது. ஒரு பக்கத்தில் அங்கே சாவு, இன்னொரு பக்கத்தில் நான் ஆணிக்கும் பிளக்குக்கும் நாள் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

சனிக்கிழமை நகரத்தில் நின்றபோது சுவர்ப்பலகைத் தம்பி கைத்தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, அங்கிள் அடிக்கச் சொல்லி நிக்கிறார். நான் சொல்லிப் பாத்தனான். கேக்கிறாரில்லை. ரெண்டு அறையும் அடிச்சுப்போட்டன். மேல பூசேல்லை." அவனை ஏச எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு கழிந்து திங்கள் விடிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னது. முடிந்தது என்றால் என்ன, அங்கிருந்த சனம் என்னவானது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் இருந்தார். தொலைபேசி ஓயாமல் அடித்தது. எடுத்தால் மறுமுனையில் அழுகை, அல்லது "ஏதும் தெரியுமோ?" என்ற கேள்வி. நான் அறைக்கும் குசினிக்குமாக நடந்தேன். போத்தல்களைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பிறகு வான் சாவியை எடுத்தேன்.

"எங்கை போறீர்?" என்றார் கணவர்.

"அஜின்கோர்ட்டுக்கு. அந்தச் சுவரைக் கழட்டவேணும். நாளைக்கு இன்ஸ்பெக்ரர்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. விசர் என்று நினைத்திருப்பார். ஆனால் தடுக்கவில்லை. இன்ஸ்பெக்ரர் வருகிற நாளை மாற்றித் தரச் சொல்லி ஒரு அழைப்பு எடுத்திருந்தால் போதும். அதை அப்போதே அறிவேன். இன்றைக்கும் சிலர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, என்ன ஒரு கடமையுணர்ச்சி என்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. உலகத்தில் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்த ஒரே காரியம் அது. வேறு எதற்கும் எனக்கு வழி தெரியவில்லை.

கதவைத் திறந்தது அங்கிள். சவரம் செய்யாத முகம். என் கையிலிருந்த ஆணிகழற்றும் மெஷினைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார்.

"உடையும்," என்றார். "எல்லாத்தையும் உடையும். ஆருக்கு இனி?" சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மேலே கதிரை ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. பிறகு தொலைக்காட்சியின் சத்தம் கூடியது.

நான் உடைக்கத்தான் வந்தேன். சுத்தியலை எடுத்துப் பலகையின் விளிம்பில் வைத்தபோது படியில் காலடி கேட்டது. அன்ரி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

"பொறு பிள்ளை. உடைக்கவேண்டாம். ஒண்டொண்டாக் கழட்டுவம். பலகை முழுசா இருந்தாத் திருப்பி அடிக்கலாம்."

"பாரம் அன்ரி. நீங்கள் பிடிக்கமாட்டியள்."

"பிடிப்பன். நீ கழட்டு."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் ஊன்றி நின்றார். நான் மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினேன். கடைசி ஆணி வரும்போது பலகை எங்கள் தோளுக்கு வரும். இருவருமாக அதைச் சாய்த்துத் தூக்கி குசினிப் பக்கத்துச் சுவரோடு நிறுத்துவோம். வெள்ளைத் தூள் எங்கள் மயிரிலும் புருவத்திலும் படிந்தது. மெஷினின் சத்தம் நிற்கிற இடைவெளிகளில் மேலே தொலைக்காட்சி கேட்டது.

பிறகு அன்ரி சொன்னார்: "மகன் இஞ்ச வர நாங்கள் எல்லா அலுவலும் பாத்து வைச்சனாங்கள். ரெண்டு வரியத்துக்கு முதலே வந்திருக்கலாம். சோதினை எடுக்கிற பிள்ளையளை விட்டுட்டு வரமாட்டன் எண்டுட்டான். அடுத்த வரியமும் சோதினைதானே வரும் எண்டன். சிரிச்சான்."

நான் அடுத்த ஆணியைத் தேடினேன்.

"உன்ரை தங்கச்சியும் அப்பிடித்தானோ?"

"ஓம் அன்ரி. நோயாளியை விட்டுட்டு வரமாட்டாளாம்."

"அதுகளை அப்பிடி வளத்துப்போட்டம்," என்றார். குரலில் கோபம் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அவன் வந்தாலும் இந்த நிலத்துக்குக் கீழ இருக்கமாட்டான் பிள்ளை. யன்னல் இல்லாட்டி அவனுக்கு நித்திரை வராது. எங்கட அறையைத்தான் குடுக்கவேணும். நான் உவருக்குச் சொல்லேல்லை. உவருக்கும் ஒரு வேலை வேணுமே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பலகையைப் பிடித்தபடி அழுதேன், விட்டால் விழுந்துவிடும். அன்ரியும் கையெடுக்கவில்லை. மாலைக்குள் எல்லாப் பலகைகளும் கழன்றுவிட்டன. வயர்கள் நான் விட்டுப்போனபடியே இருந்தன. ஒரு ஆணிகூட எதிலும் பட்டிருக்கவில்லை. ஒன்றும் பழுதில்லை என்பதைப் பார்க்க ஒரு நாள் முழுக்கக் கழற்றியிருந்தோம்.

செவ்வாய் காலை இன்ஸ்பெக்ரர் வந்தார். நரைத்த மீசையும் வெயிலில் சிவந்த கழுத்துமாக, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். டோர்ச்சை அடித்துச் சட்டம் சட்டமாகப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார். வயர் போகும் துளை சட்டத்தின் விளிம்புக்கு நெருங்கி இருந்தது. பலகை ஆணி வயரில் ஏறாமலிருக்க அங்கே இரும்புத் தகடு அடித்திருக்க வேண்டும். அங்கிள் வாசலை மாற்றிய நாளில் நான் விட்ட பிழை. வானில் தகடு இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே எடுத்து வந்து அடித்தேன்.

மேலே யாரோ வந்து அழும் சத்தம் கேட்டது. அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த வீட்டில் ஏதும் மரணமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியாது," என்றேன். "அதுதான் பிரச்சினை. அவர்களுடைய மகன் அங்கே. என் தங்கையும்."

அவர் டோர்ச்சை அணைத்தார். "விரைவுச்சாலையை மறித்த அன்றைக்கு நான் அந்த நெரிசலில் மாட்டுப்பட்டேன்," என்றார். "என் மகளின் பாட்டுக் கச்சேரிக்குப் போக முடியவில்லை. கண்டபடி திட்டினேன்."

நானும் அங்கே நின்றேன் என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன்.

"எதற்காக என்று அப்போது எனக்குத் தெரியாது," என்றார். அன்ரி வழக்கம்போல மேல்படியில் தேத்தண்ணி வைத்தார், அன்றைக்கு இரண்டு கோப்பை. இன்ஸ்பெக்ரர் படியில் இருந்து, சூடு தாங்காமல் ஊதி ஊதி, முழுவதையும் குடித்தார். சுவரை மூடலாம் என்று எழுதிய தாளை மின்பலகையில் ஒட்டிவிட்டு, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூடலாம் என்றபோது மூட ஆளில்லை. அங்கிள் கீழே இறங்குவதை விட்டுவிட்டார். பலகைகள் சாத்தி வைத்தபடியே இருந்தன.

சில கிழமைகளுக்குப் பிறகு, நான் இன்னொரு வீட்டில் ஏணியில் நின்றபோது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, நான் இருக்கிறன்." அவ்வளவுதான் கேட்டது. பிறகு இரைச்சல். நான் ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அந்த வீட்டுக்காரப் பெண் எனக்குத் தண்ணீர் தந்தார். தங்கை முட்கம்பி வேலிக்குள் ஒரு முகாமில் இருந்தாள். காலில் காயம், மற்றபடி உயிர்.

அன்ரிக்கு அன்றே அழைத்துச் சொன்னேன். மறைத்தால் அது இன்னும் பெரிய அநியாயமாக இருக்கும் என்று பட்டது. "கடவுளே, நல்லது பிள்ளை, நல்லது," என்றார். உண்மையான சந்தோசம்தான் அது. பிறகு தொலைபேசி கைமாறியது. அங்கிள்.

"பிள்ளை, உம்மட தங்கச்சி அங்க விசாரிப்பாவோ? மகன்ரை பேரைச் சொல்லி?"

தங்கையால் சரியாக நடக்க முடியாத நேரம். இருந்தும் கூடாரம் கூடாரமாகக் கேட்டுப் போனாள். அவள் அடுத்தடுத்து அழைக்கும்போது சொன்ன துண்டுகளை நான் ஒட்டவைத்தேன். பக்கத்து முகாம் ஒன்றில் அவருடைய மருமகளும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். கடைசி நாட்களில் எல்லாரும் ஒன்றாகத்தான் வெளியே நடந்து வந்திருக்கிறார்கள். ஒரு சந்தியில் ஆமிக்காரர் ஆண்களைத் தனியாக நிற்கச் சொன்னார்கள். பெண்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் பிள்ளைகளுக்குக் கைகாட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் யாரும் இல்லை.

இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. வானை எடுத்துக்கொண்டு போனேன். குசினி மேசையில் இருவரையும் இருத்திச் சொன்னேன். பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை முதலில் சொன்னேன். அன்ரி கண்களை மூடிக்கொண்டார். அங்கிள் முன்னால் குனிந்து, "எந்தச் சந்தி? எந்த நேரம்? ஆர் கண்டது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றே சொன்னேன்.

அன்று நான் வெளிக்கிடும்போது அவர் வாசல்வரை வந்தார். "நான் அண்டைக்கு உம்மை ஏசினது பிழை, பிள்ளை," என்றார். "ஏசாட்டி அண்டைக்கு நீங்களும் நானும் வேறை என்ன செய்திருப்பம், அங்கிள்?" என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த கிழமையே சுவர்ப்பலகைத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். மருமகளும் பேத்திகளும் வரவேண்டும் என்ற அலுவல் தொடங்கியிருந்தது. இலையுதிர் காலத்தில் நான் விளக்குகளையும் பிளக்குகளையும் பூட்டினேன். வேறொரு இன்ஸ்பெக்ரர் வந்து கடைசிப் பார்வை பார்த்து முடித்தார். அவர்கள் வந்து சேர மேலும் சில மாரிகாலங்கள் கழிந்தன. விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். சின்னவள் யாரையும் பார்க்காமல் தாங்கள் வந்த, தானாகத் திறக்கும் கதவையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்ரி அவள் பக்கத்தில் போய் அவளோடு சேர்ந்து கதவைப் பார்த்தார்.

என் தங்கை வரவில்லை. முகாமிலிருந்து விட்டதும் வவுனியாவில் மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். நான் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அசையவில்லை.

அங்கிளுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. மகன் இல்லை என்று யாரும் அவர் முன்னால் சொல்வதில்லை, அவர் சொல்லவும் விட்டதில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் போய்ப் பார்க்கிறார். தடுப்பிலிருந்து விடுதலையான யாராவது பேட்டி கொடுத்தால் அந்த ஆளின் இலக்கத்தைத் தேடிப் பிடிக்கிறார். போன மாதம் றிச்மண்ட் ஹில் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் என்னைக் கண்டார். அன்ரி காருக்குள் இருந்தார். மூத்த பேத்திதான் ஓட்டி வந்திருந்தாள்.

"தங்கச்சி ரெலிபோன் எடுத்தவவோ?" என்று கேட்டார்.

"முந்தநாள் எடுத்தவள் அங்கிள்."

அவர் மேலே கேட்காமல் என் முகத்தையே பார்த்தார். மகனைப் பற்றி ஒன்றும் இல்லையென்று நான் தலையை ஆட்டினேன். "சரி," என்றார். பேத்தி வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, இன்னும் யாரோ தெரிந்தவர் நிற்கிறாரா என்று கார்களுக்கிடையில் பார்த்தபடி நடந்தார்.